தாமதமாய் வந்தவர்க்கும் ஓர் இடம்

சென்னை சென்ட்ரலுக்கு வரும் இரயில் வண்டிகள் பேசின் பிரிட்ஜில் நின்று காத்திருப்பதை அறியாத பயணியர் இலர். இறங்க வேண்டிய இடம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும். பெட்டி படுக்கைகளை எடுத்துக்கொண்டு மக்கள் வாயிலருகே கூடிவிடுவர். வண்டியோ அசையாது. உள்ளே நடைமேடை ஒழியவில்லை என்பார்கள். அந்த நேரத்தில் இரயில்வேயை நொந்துகொள்ளாதவர் யாருமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரந்தவறி வந்த வண்டியை, வந்த வழியே அரக்கோணத்துக்குத் திரும்பிப் போ என்று எந்த நிலைய அதிகாரியும் சொல்லி நாம் கேட்டதில்லை. காக்க வைப்பார்கள், கடைசி நடைமேடையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், ஆனால் உள்ளே விட்டுவிடுவார்கள்.

இதே பேசின் பிரிட்ஜை அடுத்த பகுதியில் ஒரு பள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். அது நம்முடைய பள்ளி, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பள்ளி என்பது போதும். மழைக்காலத்துக் காலை ஒன்றில் அதன் வாயிலைக் கடந்து செல்ல நேர்ந்தது. முதல் மணி அடித்து இரும்புக்கதவு அடைபட்டுவிட்டது. வெளியே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சீருடையில் நின்றிருந்தனர். ஏழாம் வகுப்பு படிக்கக்கூடிய ஒரு சிறுமி செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அப்பக்கத்துப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது இப்பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. காவலாளியிடம் கேட்டோம். "நான் என்ன சார் பண்றது? சிஸ்டர் சொன்னாத்தான் தொறக்க முடியும்" என்றார். அவர் முகத்திலும் மகிழ்ச்சியில்லை.

அதற்குள் உள்ளே ஒலிபெருக்கியில் காலை இறைவேண்டல் தொடங்கிவிட்டது. அப்பொழுது நடந்ததுதான் நெஞ்சை விட்டு அகலவில்லை. வெளியே நின்ற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றுகொண்டனர். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் வரைந்தனர், மற்றவர்கள் கைகுவித்தனர். கதவுக்கு வெளியே நின்றபடியே உள்ளே நடந்த செபத்தில் முழுமையாகப் பங்குகொண்டனர். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது.

அன்று மாலை நம் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கையேட்டை எடுத்து விதிமுறைப் பக்கங்களை முதன்முறையாக முழுவதும் படித்தோம். முதன்முறை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் 'மேற்கண்ட விதிகளைப் படித்தேன், ஏற்கிறேன்' என்ற வரியின்கீழ்க் கையெழுத்திட்டு வந்திருக்கிறோம். நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டிருப்போம்? தலைமுடி எவ்வளவு இருக்கலாம், ரிப்பன் என்ன நிறம், கைப்பேசி கொண்டுவந்தால் என்ன ஆகும், மும்முறை தாமதமானால் பெற்றோர் நேரில் வரவேண்டும் என்றெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. நாள்கூலி பெறும் தந்தை பகலில் பள்ளிக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். விதியை எழுதியவர் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஏறக்குறைய எல்லா விதிகளும் ஒரே வகையில் முடிந்தன. கடைசி வரியில் 'மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும்' என்றிருந்தது.

விதிகளே வேண்டாம் என்று வாதாட நாம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி மின்வண்டியின் வாயிலில் தொங்கிக்கொண்டு, கொருக்குப்பேட்டைக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையே காலால் தரையை உரசிச் செல்லும் மாணவரைக் கண்டவர் எவரும் கட்டுப்பாடு கூடாது என்று சொல்லார். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் தண்டையார்ப்பேட்டையிலும் இந்து, இசுலாமியக் குடும்பங்கள் நம் பள்ளிகளை நாடி வருவதே 'அங்கே கண்டிப்பு இருக்கும்' என்ற நம்பிக்கையினால்தான். "கண்ணை மட்டும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க" என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த தந்தையரை நாம் பார்த்தே வளர்ந்தோம். அந்தச் சொல்லில் முரட்டுத்தனம் உண்டு. அதன் அடியில், தான் இறங்கி நின்ற சேற்றில் தன் பிள்ளையும் இறங்கிவிடக் கூடாதே என்ற அச்சமும் உண்டு. எனவே கேள்வி விதி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. விதியை மீறிய பிள்ளைக்குத் திரும்பிவர வழி உண்டா என்பதே கேள்வி.

வடசென்னைக்கு அடைபட்ட கதவு புதிதல்ல. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இயங்கின. மில் சங்கு ஊதினால் பட்டாளமும் புளியந்தோப்பும் எழுந்து ஓடின. தெருவில் கடிகாரம் இல்லாத வீடுகளுக்குச் சங்குதான் கடிகாரம். 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவின் தலைமையில் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மதிய உணவுக்கு விடும் இடைவேளை உண்டு முடிக்கவும் போதவில்லை என்பது தொழிலாளரின் தொடக்கக் குறைகளுள் ஒன்று. அந்த மில்கள் 1990களின் நடுவில் மூடப்பட்டுவிட்டன. சங்கு ஓய்ந்தது. ஆனால் அச்சங்கின் பழக்கம் பகுதியை விட்டுப் போய்விடவில்லை என்றே தோன்றுகிறது. மில்லுக்கு ஒரு நியாயம் இருந்தது. நூற்கும் இயந்திரம் எவருக்காகவும் காத்திராது. பள்ளிக்கூடத்தில் எந்த இயந்திரம் அப்படிக் காத்திராமல் ஓடிக்கொண்டிருக்கிறது?

தாமதமாய் வருவோரை என்ன செய்வது என்ற கேள்வியைத் திருச்சபை நம் பள்ளிகள் தோன்றுவதற்கு மிக முன்பே எதிர்கொண்டது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 43ஆம் அதிகாரம் இதற்கென்றே அமைந்தது. நள்ளிரவு கடந்து எழுந்து செபிக்க வேண்டிய துறவியர் சிலர் தூங்கிவிடுவர், பிந்தி வருவர். அவர்கள் வந்து சேர்வதற்கு இடம் கொடுக்கும்பொருட்டுத் தொடக்கத் திருப்பாடலை வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி பெனடிக்ட் பணிக்கிறார். அதற்கும் பிந்தி வருபவர் தம் வழக்கமான இடத்தில் நிற்கலாகாது. எல்லாருக்கும் கடைசியில், அல்லது மடாதிபதி குறித்த தனியிடத்தில், அனைவர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். அந்த நாணம் அவரைத் திருத்தும் என்பது அவர் கருத்து. ஆனால் வெளியே நிறுத்தக் கூடாது. காரணத்தையும் அவரே சொல்கிறார். வெளியே விட்டால் ஒருவர் போய் மீண்டும் படுத்துக்கொள்வார், இன்னொருவர் வாயிலில் அமர்ந்து வீண்பேச்சுப் பேசுவார், அலகைக்கு அதுவே வாய்ப்பாகிவிடும். உள்ளே வரட்டும், எல்லாவற்றையுமே இழந்துவிடாதிருக்கட்டும் என்கிறார்.

பெனடிக்ட் மென்மையானவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அறியாச் சிறுவருக்குப் பட்டினியும் பிரம்படியும் கொடுக்கலாம் என்று அவருடைய 30ஆம் அதிகாரம் கூறுகிறது. அது அக்காலத்து வழக்கம். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. எத்தனை திருத்தியும் திருந்தாதவரை இறுதியில் வெளியேற்றவும் அவர் இடம் தருகிறார். ஆனால் அதற்குமுன் அவர் வைக்கும் படிகளைப் பாருங்கள். தண்டனைக்கு உள்ளானவரிடம் முதிர்ந்த, அறிவுள்ள சகோதரரை மடாதிபதி அனுப்ப வேண்டும். அவர்கள் பிறர் அறியாமல் சென்று தேற்ற வேண்டும், மிகுந்த துயரத்தில் அவர் அமிழ்ந்துவிடக் கூடாது. எல்லாரும் அவருக்காகச் செபிக்க வேண்டும். தன் குற்றத்தால் மடத்தைவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், கடைசி இடத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மீண்டும் போனால் மீண்டும் ஏற்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை! ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன், துறவியருக்கென எழுதிய கடுமையான ஒழுங்கு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் எழுதியிருக்கும் கையேட்டைவிட இரக்கமுடையதாக இருக்கிறது என்றால் நாம் எங்கோ வழி தவறியிருக்கிறோம்.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். அதுதான் நம் பள்ளிகளின் நாடுகடத்தல்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம். தந்தை சரக்குப்பெட்டகக் கிடங்கில் சுமையேற்றும் தொழிலாளி. மகன் ஒன்பதாம் வகுப்பு. முடியை வெட்டிக்கொண்டு வரச் சொல்லி இருமுறை திருப்பி அனுப்பப்பட்டவன். ஆசிரியரை எதிர்த்துப் பேசியிருக்கிறான். பையில் கைப்பேசி அகப்பட்டது. கணக்கில் மிகவும் பின்தங்கியவன். ஏப்ரலில் பெற்றோரை அழைத்தார்கள். "நாங்களா டி.சி. குடுத்தா நடத்தைன்னு இருக்கற இடத்துல நல்லா எழுத முடியாது. நீங்களே கேட்டு எழுதிக் குடுத்துட்டா நல்லபடியா எழுதிடுவோம்" என்றார்கள். தாய் எழுதிக் கொடுத்தார். எழுதினார் என்பதைவிட, சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுத, அவர் கையெழுத்திட்டார் என்பதே சரி. வந்த சான்றிதழில் விலகக் காரணம் 'பெற்றோர் விருப்பம்', நடத்தை 'நன்று'. பையன் அதைப் படித்துவிட்டு நம்மிடம் கேட்டான்: "நான் நல்லவன்னுதானே அங்கிள் எழுதியிருக்காங்க? அப்புறம் ஏன் அனுப்புனாங்க?"

இக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஒரே தாளில் இரண்டு பொய்கள். பெற்றோர் விரும்பவில்லை, நடத்தை நன்று என்று பள்ளியும் எண்ணவில்லை. யாருக்கும் தீமை செய்யும் நோக்கில் சொன்ன பொய்கள் அல்ல இவை. பிள்ளைக்கு வேறு பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் உண்டு. ஆயினும் பொய் சொல்லக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கும் பிள்ளையின் கையில், முத்திரை குத்திய பொய்யைக் கொடுத்தனுப்புகிறோம். கண்டித்திருந்தால், ஒரு வாரம் தனியே அமர்த்தியிருந்தால், தோட்டத்தைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தால்கூட அவன் தன் பிழையை அறிந்திருப்பான். இப்பொழுது அவன் அறிந்ததெல்லாம், தான் வேண்டாதவன் என்பதும் அதைச் சொல்லக்கூடப் பெரியவர்களுக்குத் துணிவில்லை என்பதுமே.

அந்த மே மாதம் அதே பள்ளியின் மதிலில், சாலையை நோக்கிப் பெரிய பதாகை ஒன்று கட்டப்பட்டது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது, பதாகைகள் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பின் ஏப்ரலுக்கும் பத்தாம் வகுப்பின் மே மாதத்துக்கும் உள்ள தொடர்பைப் பெற்றோர் அனைவரும் அறிவர், யாரும் பேசுவதில்லை. நற்செய்தியின் ஆயர் நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போனபோது அதைத் தேடிப் போனார். நாம் அந்த ஒன்றைக் கணக்கேட்டிலிருந்து நீக்கிவிட்டு, இருப்பவை தொண்ணூற்றொன்பது, வந்தவை தொண்ணூற்றொன்பது, ஆகவே நூறு விழுக்காடு என்கிறோம்.

கையேட்டில் எழுதாத விதி ஒன்றும் உண்டு. அது சலுகையைப் பற்றியது. மாணவர் தலைவன், வகுப்புத் தலைவி, மேடையில் வரவேற்புரை, விருந்தினருக்கு மலர்க்கொத்து, மேல்நிலையில் முதல் பிரிவு என இவையெல்லாம் நன்னடத்தைக்குக் கிடைக்கும் சிறப்புரிமைகள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் இவை மதிப்பெண்ணுக்குக் கிடைப்பவை. மேற்சொன்ன பையன் கைப்பேசியோடு அகப்பட்ட அதே பருவத்தில் முதல் வரிசை மாணவன் ஒருவனும் அகப்பட்டானாம். அவனுக்கு அறிவுரை கிடைத்தது. பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? விதி கடினமாயிருப்பதைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வர். ஆளைப் பார்த்து வளைவதை மட்டும் பொறார்.

திருச்சபை தன் சொந்தப் பிள்ளைகளைத் தண்டிக்கும் முறையை இங்கே நினைவுகூர வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 2021இல் அதன் தண்டனைப் பகுதி திருத்தப்பட்ட பிறகும், ஒன்றில் மாறவில்லை. சகோதரத் திருத்தமும் கண்டிப்பும் பயன்படாதபோதே தண்டனைக்குச் செல்ல வேண்டும் என்கிறது 1341ஆம் சட்டம். திருச்சபை உறவிலிருந்து விலக்கிவைத்தல் போன்ற தண்டனைக்குமுன் ஒருமுறையேனும் எச்சரித்து, மனந்திரும்பத் தகுந்த காலம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் தண்டனை செல்லாது என்கிறது 1347ஆம் சட்டம். பிடிவாதத்தை விட்டவருக்கு மன்னிப்பை மறுக்கலாகாது என்கிறது 1358ஆம் சட்டம். இவ்வகைத் தண்டனைகளுக்குத் திருச்சபை மரபில் மருந்துத் தண்டனை என்றே பெயர். நோயாளி பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தரும் மருந்து. மாற்றுச் சான்றிதழ் எந்த நோய்க்கு மருந்து? வகுப்பறையின் நோய்க்கா, பதாகையின் நோய்க்கா?

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கலாம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றலாகாது என்கிறது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் 2014 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்களித்த உரிமை காக்கப்பட்டது என்று நிம்மதி அடைந்தோம். அத்தீர்ப்பை மறுபடியும் ஆராய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்து, பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் மனச்சான்றின் வழக்கு வேறு. பிள்ளையைத் துரத்தக் கூடாது என்று அரசு சொல்லும்போது, 'அது எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று சொல்லும் உரிமையை நாம் எதற்காகப் பெற்றோம்?

அந்த உரிமையின் அருமையை நாம் உணர வேண்டுமாயின் 1985ஆம் ஆண்டுக் கேரள நிகழ்ச்சி ஒன்றை நினைக்க வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் எனும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. தங்கள் நம்பிக்கை தடுக்கிறது என்றனர். அவர்கள் நன்னடத்தை உள்ளவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தும் பள்ளியை விட்டு நீக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. அப்பிள்ளைகளின் கொள்கை நம் கொள்கையன்று. ஆயினும் சிறுபான்மையினரான நாம் அத்தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறோம்.

அப்படியிருக்க, நம் பள்ளி வாயிலில் ஓர் இந்துச் சிறுமி கூந்தலில் வைத்த ஒரு முழம் மல்லிகையை எடுத்துப் போடச் சொல்வது எதற்காக? சமயபுரத்துக்கு மாலையிட்ட தாயின் மகள் கட்டிவந்த மஞ்சள் கயிறு வகுப்பறையில் யாருக்குக் கேடு செய்கிறது? எல்லாப் பள்ளிகளிலும் இப்படி நடப்பதாகச் சொல்லவில்லை. நடக்கும் இடங்களில் இது ஒழுங்கு என்ற பெயரால் நடக்கிறது. சீருடை என்பது ஏழையின் கிழிசலை மறைக்க வந்தது. ஒருவர் வீட்டை ஒருவர் மறக்கச் செய்ய வந்ததன்று.

கயிறு என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்பயின்ற மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியபின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். அந்தக் கயிறு அடுத்த பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்கிறது, மல்லிகைப் பூ அப்படிச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே விதியின்கீழ் வர முடியாது. குழு நெற்றிக் குறிகளையும் சேர்த்துக்கொண்டதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. அது வேறு விவாதம்.

இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பின்னர் சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரி. அந்த ஆயன் ஒண்ணைத் தேடிப் போனானே, அப்ப தொண்ணூத்தொன்பதையும் யார் பாத்துக்கிட்டாங்கன்னு நற்செய்தியில எழுதலையே. எனக்கு வகுப்புக்கு அறுபது பிள்ளைங்க. ஒருத்தன் பையில மாத்திரை வச்சிருக்கான், இன்னொருத்தன் கத்தி வச்சிருக்கான். மத்த பிள்ளையோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இது தட்டிக்கழிக்கும் பேச்சன்று. போதை மாத்திரை வடசென்னையின் தெருமுனைவரை வந்திருக்கிறது. ஓர் ஆசிரியையிடம் அறுபது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஆயனைப் போல் நடந்துகொள் என்று சொல்வது எளிது. கட்டுரை எழுதுபவர்க்கு இன்னும் எளிது. மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒருவனைச் சில காலம் விலக்கிவைக்க நேரலாம் என்பதையும் மறுக்கவில்லை. பெனடிக்டும் மறுக்கவில்லை. ஆனால் சகோதரியிடம் திரும்பக் கேட்டோம்: நீங்கள் கொடுத்த மாற்றுச் சான்றிதழ்களுள் கத்திக்கும் மாத்திரைக்கும் கொடுத்தவை எத்தனை, கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தவை எத்தனை? அவர் சற்று நேரம் சாளரத்தின் வழியே வெளியே பார்த்தார். "கணக்குக்குத்தான் அதிகம்" என்றார். நேர்மையான மனிதர். அவரை நாம் மதிக்கிறோம்.

தொன் போஸ்கோவின் பெயர் சென்னைக் கத்தோலிக்கருக்கு அந்நியமன்று. சலேசிய சபையார் 1906இல் தஞ்சையில் காலூன்றினர். அச்சபையைச் சேர்ந்த லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை 1935இல் சென்னைப் பேராயரானார். தொன் போஸ்கோ 1877இல் எழுதிய சிறு நூலில் கல்வி முறைகள் இரண்டு என்றார். குற்றம் செய்தபின் தண்டிப்பது ஒன்று. பிள்ளையோடு உடனிருந்து குற்றம் நேராமல் தடுப்பது மற்றொன்று. இரண்டாவது ஆசிரியருக்குத்தான் கடினம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அவர் கூட்டி வந்த பிள்ளைகள் தூரின் நகரச் சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு நம் கையேட்டைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பர்?

பொதுநிலையினராகிய நம் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. பள்ளியை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அந்தப் பதாகையைப் பார்த்துத்தானே நாம் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்? தேர்ச்சி விழுக்காடு தொண்ணூற்றாறு என்று எழுதி, அதன்கீழ் 'யாரையும் வெளியே அனுப்பவில்லை' என்று ஒரு பள்ளி பதாகை கட்டினால் அங்கே நம் பிள்ளையைச் சேர்ப்போமா? முரட்டுப் பையன் ஒருவன் நம் பிள்ளையின் அருகில் அமர்ந்தால், அவனை மாற்றச் சொல்லி முதலில் போய் நிற்பவர் யார்?

சென்ற ஆண்டு பங்குப் பேரவையின் சார்பில் நால்வர் சென்று பள்ளி நிர்வாகத்தைக் கண்டோம். மூன்றைக் கேட்டோம். பிந்தி வரும் பிள்ளைகளை உள்ளே விட்டு, வரிசையின் கடைசியில் நிறுத்தி, செபம் முடிந்தபின் காரணம் கேட்க வேண்டும். வெளியேற்றுவதற்குமுன் எழுத்தில் எச்சரித்து ஒரு பருவமாவது காலம் கொடுத்து, பங்கிலிருந்து ஒருவரை அப்பிள்ளைக்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போனவன் அடுத்த ஆண்டு திரும்பி வந்து கேட்டால் அவன் மனுவைப் படிக்கவாவது வேண்டும். முதலாவதை அப்பொழுதே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதை மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. கேட்கும்போதே நம் குரல் தாழ்ந்துபோனதும் உண்மை.

இப்பொழுது மணி அடித்தபின் பெரிய கதவு அடைபடுகிறது. அதிலுள்ள திட்டிவாசல் மட்டும் இன்னும் சற்று நேரம் திறந்திருக்கிறது. பிள்ளைகள் தலையைக் குனிந்து, புத்தகப் பையை முன்னே தள்ளி, ஒருவர்பின் ஒருவராக நுழைகின்றனர். காவலாளி அவர்களைக் கெடுபிடி செய்வதுபோல் சத்தம் போடுகிறார், முகம் சிரிக்கிறது.

அந்தப் பையன் புளியந்தோப்பில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடையொன்றில் இருக்கிறான். கை நன்றாக வேலை செய்கிறது என்கிறார் கடைக்காரர். மாற்றுச் சான்றிதழை எந்தப் பள்ளியிலும் இன்னும் கொடுக்கவில்லை. அவனுடைய தாய் அதை அவன் திருமுழுக்குச் சான்றிதழோடு ஒரே உறையில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்.